நான்காம் பக்கம் கட்டாத மடம்

மடாதிபதியின் கடிதம் கையால் எழுதப்பட்டிருந்தது. மடத்தை விற்றுவிட்டோம், மே மாத முடிவுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும், உங்கள் தம்பி இன்னும் எங்களோடுதான் இருக்கிறார், அடுத்து என்ன செய்வதாக எண்ணம் என்று கேட்டால் பதில் சொல்வதில்லை, நீங்கள் ஒருமுறை வந்து பேசினால் நல்லது. அழகான பிரெஞ்சு. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. பாரிஸின் வடக்குப் புறநகரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள் நான். சித்திரை விடுமுறை தொடங்கிய சனிக்கிழமையே மொன்றியலுக்குப் புறப்பட்டேன்.

குகன் என்னைவிட எட்டு வயது இளையவன். கொழும்பு வழியாக ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது முதலில் எங்களிடம்தான் வந்தான். எங்கள் இரண்டு அறை வீட்டில் ஏழு மாதம் இருந்தான். என் கணவரின் முகம் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தது. கனடாவுக்குப் போனால் உனக்கு நல்லது என்று குகனிடம் சொன்னவள் நான்தான். மறுபேச்சில்லாமல் போனான். மொன்றியலின் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் பத்து வருடம் வேலை செய்தான். அகதி வழக்கு ஒவ்வொரு படியிலும் தோற்றது. திருப்பி அனுப்பும் தேதி கைக்கு வந்த அன்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெனடிக்ட் துறவிகளின் மடத்துக்குள் போய் அடைக்கலம் கேட்டான். தேவாலயத்துக்குள் அதிகாரிகள் நுழைந்து ஆளைப் பிடிப்பதில்லை. அதற்கென்று சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம் மட்டும்தான். அந்த வழக்கத்தின் தயவில் பதினான்கு மாதமாக உள்ளே இருந்தான்.

விமான நிலையத்தில் என் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் புரட்டிய இளைஞன் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டான். ஒரு பழைய மடத்தைப் பார்க்க என்றேன். அது பொய்யில்லை. "உங்கள் நாட்டில் இதைவிடப் பழையவை நிறைய இருக்கின்றனவே" என்று சிரித்தபடி முத்திரை குத்தினான்.

நான் தங்கியது நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற குடியிருப்புப் பகுதியில் ரவீந்திரன் அண்ணை வீட்டில். குகனோடு டோர்வலில் வேலை செய்தவர். இப்போது துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறார். அவருடைய மனைவி சாந்தி என்னை உட்காரவைத்துவிட்டு, டெபனருக்குப் போய்ப் பால் வாங்கிவரும்படி அவரிடம் சொன்னார். எங்கள் பிரான்சில் டெபனர் என்றால் பழுதுபார்க்க வருகிற ஆள். பழுதுபார்ப்பவரிடம் ஏன் பால் வாங்குகிறார்கள் என்று நான் முழித்தேன். இங்கே அது மூலைக்கடையாம். முப்பது வருடம் பேசிய மொழி, ஒரு கடல் தாண்டியதும் என்னை ஏமாற்றியது.

சாப்பாட்டின்போது அண்ணை குகனைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பாராம். ஒரு கட்டத்துக்குப் பிறகு போவதற்கு மனம் வரவில்லையாம்.

"போய் இருந்தால் அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் கதைப்பான். வேற கதை இல்லை. எழும்பி வரேக்க எனக்கு மூச்சு முட்டும், பிள்ளை" என்றார்.

மறுநாள் ஞாயிறு. மெட்ரோ பாதி வழியில் நின்றது. ஒலிபெருக்கியில் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. சனத்தோடு சனமாக மேலே ஏறினால் மாற்றுப் பேருந்து, அந்தப் பேருந்துக்கும் வீதி வேலை காரணமாக வேறு பாதை. ஆரஞ்சுக் கூம்புகளைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பக்கத்தில் இருந்த கிழவி எங்கே போகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். "துறவிகள் பாடுவதைக் கேட்கவா? சீக்கிரம் போ, பாடுகிறவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள். வேடிக்கையாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

கடைசியில் இருபது நிமிடம் நடந்தேன். உருகிய பனி கரியும் உப்புமாகக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைத் தாண்டி, ஆற்றைப் பார்த்த மேட்டில் மடம் நின்றது. இந்தத் தீவிலேயே வெட்டிய சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல். செப்புக் கூரை பச்சை பூத்திருந்தது. மணிக்கூண்டு மட்டும் கழுத்தைச் சுருக்கியது போலக் கட்டையாக இருந்தது. ஜன்னல்கள் சிறியவை, சுவரின் தடிப்பு ஒரு முழத்துக்கு மேல்.

பக்கவாசல் திறந்தது. குகன் உள்ளே நின்றான். எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு படிகள். கையில் சாப்பாட்டுப் பையோடு நான் வழுக்கி வழுக்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர, கை நீட்டவில்லை. நான் நிலைப்படியைத் தாண்டிய பிறகுதான் பையை வாங்கினான்.

"குறை நினையாதேங்கோ அக்கா. நான் இதுக்கு அங்கால வாறதில்லை" என்றான்.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை அது. தலை நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. துறவி ஒருவர் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை தோளில் தொங்கியது.

கட்டித் தழுவுவதற்கோ அழுவதற்கோ இடம் கொடுக்காமல், வாருங்கோ காட்டுறன் என்று நடக்கத் தொடங்கினான். அண்ணை சொன்னது சரிதான். நான் வாய் திறக்குமுன் அவன் சொல்லத் தொடங்கிவிட்டான். இந்தத் துறவிகளின் முன்னோர் நூறு வருடங்களுக்கு முன் பிரான்சின் புதிய சட்டங்களால் வெளியேற்றப்பட்டவர்கள். அயல்நாட்டில் சில காலம் இருந்துவிட்டுக் கப்பலேறி இங்கே வந்தார்கள். முதலில் பலகையால் ஒரு வீடு கட்டினார்கள். அது எரிந்தது. இரண்டு பேர் அந்தத் தீயில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் இனிக் கல்லால் மட்டும் என்று தீர்மானித்தார்கள். வரைபடம் போட்டவரும் அவர்களில் ஒருவரே.

கட்டடத்தின் நடுவில் சதுரமான முற்றம். அதைச் சுற்றி வளைவுத் தூண்களோடு மூடிய நடைபாதை. அதிலிருந்துதான் எல்லா இடத்துக்கும் வழி: கிழக்கே தேவாலயம், தெற்கே சாப்பாட்டுக் கூடம், மேற்கே பட்டறையும், துறவிகள் முன்பு சீஸ் செய்து வைத்த பழைய பாற்கட்டிக் கிடங்கும். மாடியில் துறவிகளின் சிற்றறைகள். வரைபடத்தில் நான்கு பக்கமும் கல். மூன்று பக்கம் முடிந்தபோது காலம் கெட்டது, வேலை நின்றது. வடக்கில் மட்டும் பலகையடித்து, மேலே தகரம் போட்டு, பிறகு கட்டுவோம் என்று விட்டார்கள். எண்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பிறகு வரவில்லை. மாரியில், பனி கொட்டும் மாதங்களில், காற்று அந்தப் பக்கத்தால்தான் உள்ளே வரும் என்று குகன் சொன்னான். சித்திரையிலேயே என் காது வலித்தது.

"ஒரு சுத்து நூற்றி எழுபத்தாறு அடி. ஒரு நாளைக்கு நாப்பது சுத்து நடப்பன்" என்றான். "இப்ப பத்துத்தான் ஏலுது. முழங்கால் நோ."

நொண்டினான். நான் முழங்கால் என்றுதான் நம்பினேன்.

மதியம் துறவிகளோடு சாப்பிட்டோம். ஒருகாலத்தில் அறுபது பேர் இருந்த கூடத்தில் ஐந்து கிழவர்கள், குகன், நான். யாரும் பேசக்கூடாது. சுவருக்குள்ளேயே படி வெட்டி அமைத்த ஒரு சின்ன மேடையில் நின்று ஒருவர் நடுங்கும் குரலில் வாசித்தார். லீக்ஸ் சூப், பாண், பாற்கட்டி, சுருங்கிய அப்பிள். எங்கள் ஊரில் மடம் என்றால் திருவிழாக் காலத்தில் பந்தி பந்தியாகச் சனம் இருந்து சத்தம்போட்டுச் சாப்பிடுகிற இடம். இங்கே கரண்டி கோப்பையில் படும் சத்தம்தான் கேட்டது. குகன் பாதியில் வைத்துவிட்டான்.

பிறகு அவனுடைய அறைக்குப் போனோம். ஒரு கட்டில், மேசை, ஜன்னலுக்குக் கீழே பழைய வார்ப்பிரும்பு ஹீட்டர். உள்ளே ஒரு நெடி. பாற்கட்டிக் கிடங்கின் வாடை கல்லில் ஊறியிருக்கிறது என்றான். அதையும் நம்பினேன்.

மே மாதத்துக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். பதிலுக்கு, வாங்கியவர்கள் வெளிச்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே அடுக்குமாடி வீடுகள் செய்யப்போகிறார்கள், அந்த வளைவுகளை இடிப்பது லேசில்லை என்று சொன்னான்.

திங்கட்கிழமை சாந்தி கட்டித் தந்த சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டு போனேன். வாசலுக்கு அவன் வரவில்லை. கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். தொட்டால் கொதித்தது. போர்வையின் கால்மாட்டைச் சரிசெய்யப் போனேன். அவன் அவசரமாகக் காலை இழுத்தான். நான் விடவில்லை. காலுறை பாதத்தோடு ஒட்டியிருந்தது. தண்ணீரில் நனைத்துக் கழற்றினேன். அந்த நெடி எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. குதிகால் வரை தோல் வீங்கிப் பிளந்திருந்தது.

அவனுக்கு நீரிழிவு இருப்பது எனக்குத் தெரியும். காலில் உணர்வு போய்விட்டது தெரியாது. மாசியில் வடக்குப் பக்கம் நடந்துவிட்டு வந்து, விறைத்த காலை ஹீட்டரின் மேல் வைத்தபடி தூங்கிவிட்டான். எரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி என்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் வெளியே.

மடாதிபதியிடம் ஓடினேன். அவர் தொலைபேசியில் அழைத்தது டாக்டர் மைதிலியை. சென்னையிலிருந்து வந்து நாற்பது வருடமாக இந்த நகரத்தில் இருப்பவர். மாதம் ஒருமுறை வந்து துறவிகளையும் குகனையும் பார்ப்பாராம். இந்த மாரியில் இரண்டு மாதம் ஊருக்குப் போயிருந்தார். வந்தவர் காலைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பேனாவால் முழங்காலுக்குக் கீழே, சிவப்பு ஏறியிருந்த இடத்தில், ஒரு கோடு போட்டார்.

"குகன், இது இங்க வச்சுப் பார்க்கிற விஷயம் இல்ல. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். கால் போகும். தள்ளிப் போட்டா கால் மட்டும் போகாது" என்றார்.

குகன் வரமாட்டேன் என்றான். அவனுடைய அகதி வழக்கைப் பார்த்த வழக்கறிஞர் தொலைபேசியில் மறைக்காமல் சொன்னார்: வெளியே வந்தால் அதிகாரிகள் பிடிப்பதற்குத் தடை எதுவும் இல்லை, சிகிச்சை முடியும்வரை பொறுக்கும்படி கேட்கலாம், உறுதி தர முடியாது. டாக்டர் மறுபடி மறுபடி கேட்டார். அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது, தேதி சொன்னான், தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னான், வேண்டாம் என்றான். தெளிவான நினைவோடு வேண்டாம் என்கிறவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார், காலையில் வருகிறேன் என்று போனார்.

அவர் போன பிறகு குகன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அக்கா, நான் மயங்கிப்போனாலும் என்னை வெளியில எடுக்க விடக்கூடாது. ஊருக்கு அனுப்பினால் எனக்கு என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது. இதுக்குள்ள செத்தால் செத்துப்போறன். ஓம் எண்டு சொல்லுங்கோ."

ஊரில் ஆமி அவனைக் கூட்டிக்கொண்டுபோய் வைத்திருந்த இரண்டு மாதத்தைப் பற்றி அவன் எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. வழக்கின் தாள்களில் இருந்திருக்கும். நான் அவற்றை வாசிக்கவில்லை. ஓம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது டாக்டர் முன்னமே வந்திருந்தார். சிவப்பு, அவர் போட்ட கோட்டைத் தாண்டித் தொடை வரை போயிருந்தது. குகன் கண் திறந்திருந்தான், ஆனால் என்னை யாரென்று தெரியவில்லை. தட்டு குறையுது, தட்டு குறையுது என்று டோர்வலில் நிற்கிறவன் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் நின்றது. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது.

டாக்டர் என்னை அறைக்கு வெளியே அழைத்து வந்தார். "இப்ப அவரால முடிவு எடுக்க முடியாது. சொந்தம்னு இங்க இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். அவர் நேத்து என்ன சொன்னார்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க."

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். சாயங்காலம் தாண்டாது என்றார்.

நான் முற்றத்து நடைபாதையில் போய் நின்றேன். பலகைச் சுவரின் இடுக்கால் காற்று விசிலடித்தது. ஓம் என்று சொன்ன வாய் என்னுடையது. கனடாவுக்குப் போ என்று சொன்னதும் இதே வாய்தான். பெரிய யோசனை எதுவும் ஓடவில்லை என்பதுதான் உண்மை. அவன் செத்துப்போவதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான். திரும்பிப் போய், கூப்பிடுங்கள் டாக்டர் என்றேன்.

அம்புலன்ஸ்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாடியிலிருந்து இறங்கும் படி சுருள் படி, கல்லில் செதுக்கியது. தூக்குக் கட்டில் திரும்பவில்லை. அவனை ஒரு நாற்காலியில் வைத்து வார் போட்டு, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். பக்கவாசலில் பழைய மரச்சாமான்களை ஏற்றும் லாரி குறுக்கே நின்றது, சாரதியைக் காணவில்லை. மடாதிபதி தேவாலயக் கதவின் பெரிய திறப்போடு வந்து, தேவாலயத்தின் வழியாகக் கொண்டு போங்கள் என்றார்.

மற்ற நான்கு துறவிகளும் மதியச் செபத்தில் இருந்தார்கள். நாற்காலி நடுப்பாதையால் போனபோது பாட்டு நின்றது. எழுந்து நின்றார்கள். மேற்கு வாசலின் இரட்டைக் கதவு இறந்த துறவியைக் கொண்டுபோகும்போதுதான் திறப்பதாம். துரு பிடித்த தாழ்ப்பாளை மடாதிபதியால் தனியாக இழுக்க முடியவில்லை. அம்புலன்ஸ் பெண் ஒருத்தி வந்து காலால் உதைத்தாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. குகனின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிலைப்படியைத் தாண்டும்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தான். கூரையைப் பார்த்தான், கையில் இருந்த குழாயைப் பார்த்தான், பிறகு என்னை.

"நீங்களோ?" என்று கேட்டான்.

"ஓம்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு தாதியிடம் ஆங்கிலத்தில் பேசினான், டாக்டர் மைதிலியிடம் தமிழில் பேசினான், என்னிடம் பேசவில்லை. ரவீந்திரன் அண்ணை வந்து கட்டில் விளிம்பில் இருந்து அழுதார். அவரை அவன்தான் தேற்றினான்.

வெள்ளிக்கிழமை அவனுடைய பையை எடுக்க மடத்துக்குப் போனேன். நடைபாதையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மடாதிபதி கதிரையில் இருந்து புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். இந்தத் துறவிகள் சேரும்போது செய்யும் சத்தியங்களில் ஒன்று, சாகும்வரை அதே இடத்தில் இருப்பது. ஐம்பது வருடத்துக்கு முன் அதைச் செய்தேன், வருகிற மாதம் என்னை லிஃப்ட் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றுகிறார்கள் என்றார். நான் செய்தது சரியா என்று அவரிடம் கேட்டேன். கயிற்றை முடிந்துவிட்டு, "உயிரோடு இருக்கிறார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, அம்மா" என்றார்.

திங்கட்கிழமை இரண்டு அதிகாரிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். போன்ஜூர் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். மொழிபெயர்ப்பதற்குத் தொலைபேசியில் ஆள் தயாராக இருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். குகன் வேண்டாமென்று தலையாட்டினான். என்னைக் காட்டினான்.

"இவ சொல்லட்டும்."

அந்த "நீங்களோ"வுக்குப் பிறகு அவன் என்னைக் குறித்துச் சொன்ன முதல் சொல். பிரெஞ்சும் தமிழும் தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியும் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. யாரோ உதவிக்கு வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவள் வாசித்தாள். நான் தமிழில் சொன்னேன். வெளியேற்றும் உத்தரவு நடைமுறையில் இருக்கிறது. பயணம் செய்யலாம் என்று வைத்தியர் எழுதித் தந்த பிறகு தேதி அறிவிக்கப்படும். அதுவரை இந்த விலாசத்தை விட்டு நகரக்கூடாது. ஒரு சொல்லையும் நான் மென்மையாக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டு இருந்தான். நீங்கள் ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள்.

"பதினாலு மாதம் நான் அந்த வாசலைத் தாண்டேல்லை" என்றான் குகன். "இப்பவும் நானாத் தாண்டேல்லை. எனக்கு நினைவில்லாத நேரம் என்ர அக்கா என்னை வெளியில எடுத்தவ. வேண்டாம் எண்டு முதல்நாளே அவவுக்குச் சொல்லியிருந்தனான். ஓம் எண்டவ. இதை எழுதச் சொல்லுங்கோ."

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவன் சொன்னபடியே, அவனாக நின்று சொன்னேன்: என் அக்கா என்னை வெளியே எடுத்தாள், சம்மதித்துவிட்டு எடுத்தாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டு வந்தவள் நிமிர்ந்தாள்.

"அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார்?"

"நான்தான்" என்றேன்.

பேனா நின்றது. ஆண் அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவள் அதையும் எழுதினாள். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

மறுநாள் எனக்குப் பயணம். ரவீந்திரன் அண்ணை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். போகும் வழியில் டோர்வலில் குகன் வேலை செய்த கட்டடத்தைக் காட்டினார். ஜன்னல் இல்லாத, வெள்ளைத் தகரம் அடித்த நீளமான கட்டடம்.

புரட்டாதியில் குகனை ஊருக்கு அனுப்பினார்கள். கொழும்பில் ஒரு நாள் முழுக்க விசாரித்துவிட்டு விட்டார்கள். இப்போது கொக்குவிலில் எங்கள் சித்தி மகன் வீட்டில் இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் வந்து, இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஞாயிறுதோறும் நான் தொலைபேசி எடுப்பேன். சித்தி மகன் பேசுவான், குகன் கிணற்றடியில் நிற்கிறான், குகன் படுத்துவிட்டான் என்பான். அப்படியே தை வரை போயிற்று.

போன கிழமை சமையலறையில் முந்நூறு தட்டு கழுவி முடித்த நேரம் தொலைபேசி அடித்தது. அவனேதான். அங்கே பின்னால் மழை பெய்யும் சத்தம் கேட்டது. என்ன கேட்பதென்று தெரியாமல், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்டு இருக்கு, அக்கா" என்றான்.